குட்டியின் எண்ணை அடித்தவன்

எங்கள் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறார்களாம். தங்க வயலில் கோரமண்டல் பகுதியில் இருக்கும் என் வீடு தேடி இரண்டு பேர் வந்தார்கள். "அண்ணே, அசே ஆபீஸ்ல இருந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் பேனா புடிக்கிற ஆளு. ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள். கேஜில் ஏறிக் குழிக்குள் இறங்கியதையும் ஷிப்டுக்குச் சங்கு ஊதியதையும் எல்லோரும் எழுதியாகிவிட்டது. நானும் அதையே எழுதினால் படிக்கிறவர்கள் பாவம். அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். அந்தத் தப்பு நடந்தது வேறு ஊரில், வேறு வேலையில். ஆனால் அதைச் செய்யக் கற்றுக்கொண்டது இங்கே, நம்முடைய ஆபீஸில். பிடித்திருந்தால் மலரில் போடட்டும், இல்லாவிட்டால் வடை மடிக்கக் கொடுக்கட்டும்.

அசே ஆபீஸ் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பூமிக்கடியில் ஒவ்வொரு லெவலிலும் சுவரைக் கொத்தி, அந்தக் கல்லைத் துணிப்பையில் போட்டு, நம்பர் சீட்டு கட்டி மேலே அனுப்புவார்கள். ஒரு டன் கல்லில் எத்தனை கிராம் தங்கம் இருக்கிறது என்று சொல்வது எங்கள் வேலை. கல்லை மாவாக்கி, ஈயப் பொடியும் வெண்காரமும் கலந்து உலையில் உருக்குவோம். தங்கம் ஈயத்தோடு சேர்ந்து அடியில் இறங்கும். அந்த ஈயக் கட்டியை எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து மறுபடி சூடு காட்டினால், ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும். மிஞ்சுவது கடுகைவிடச் சிறிய ஒரு மணி. அதிலிருக்கும் வெள்ளியை அமிலத்தில் கரைத்து எடுத்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் நிறுக்க வேண்டும். நிறுக்கும்போது மூச்சுகூட மெதுவாகத்தான் விட வேண்டும். எனக்கு இரண்டு வருடம் பயிற்சி. அதில் ஒன்றரை வருடம் கல் இடித்தேன் என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் பெரியவர் ஜெயசீலன் சார், சீஃப் அசேயர். உலைக்கு முன்னால் நின்றாலும் சட்டைக் கையை மடிக்க மாட்டார். யாரையும் திட்டவும் மாட்டார். தப்பு செய்தவன் இடத்தில் போய் உட்கார்ந்து, அந்த வேலையை அவரே முதலிலிருந்து செய்வார். நாம் பக்கத்தில் கைகட்டி நின்று பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு அறை விட்டிருந்தால் வலி சீக்கிரம் போயிருக்கும்.

ஒரு நாள் பத்துப் பைகள் ஒரே சுவரிலிருந்து வந்தன. ஒன்பதில் ஐந்து, ஆறு, நாலு என்று வந்தது. பத்தாவதில் இருநூறு. நான் தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"இன்னாபா தனபாலு, லாட்டரி அடிச்சிட்டியா?" என்றார்.

"சார், இருநூறு வந்துகீது சார்."

"உக்காரு. சுவத்துல எங்கியாச்சும் ஒரு எடத்துல தங்கம் புள்ளியா ஒட்டினு இருக்கும். அது பையில வுழுந்துச்சுன்னா அந்தப் பை முழுக்கப் பொய் சொல்லும். அத்த நம்பி அந்தப் பக்கம் தோண்டினா நூறு பேரு ஒழைப்பு மண்ணாப் போவும். கம்மியா காட்டற எண்ணு ஏமாத்தாது. ஜாஸ்தியா காட்டறதுதான் ஏமாத்தும். கட் பண்ணு."

"இன்னொரு தரம் உருக்கிப் பார்க்கட்டுமா சார்?"

"பாரு. மறுபடியும் ஜாஸ்தி வந்தா இன்னா அர்த்தம்? புள்ளி பையிலியே கீதுன்னு அர்த்தம். அப்பவும் கட்டுதான்."

மர ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு போட வேண்டும். அடித்த எண் கோட்டுக்கு அடியில் படிக்கும்படி இருக்க வேண்டும், கிறுக்கக் கூடாது. மேலே, பக்கத்துப் பைகளை ஒட்டி ஒரு எண் எழுதி இனிஷியல் போட வேண்டும். இதை மோசடி என்று நினைக்க வேண்டாம். தங்கம் தோண்டுகிறவர்களிடம் உள்ள வழக்கம் இது, கல்லுக்குச் சரியான வழக்கமும்கூட. சுரங்கத்தை மூடும்வரை நான் இதைச் செய்தேன். கடைசிக் காலத்தில் பெரிய எண் ஒன்று கண்ணில் பட்டால், மூளைக்குத் தெரியுமுன் கை சிவப்புப் பேனாவை எடுத்துவிடும்.

மூடிய பிறகு நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய்வந்தேன். ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. தண்ணீரிலும் காய்கறியிலும் மண்ணிலும் பூச்சிமருந்து எவ்வளவு என்று பார்க்கும் இடம். சில வருடம் கழித்துக் கடற்கரையிலிருந்து ஓங்கல்களின் கொழுப்பும் ஈரலும் வர ஆரம்பித்தன. ஓங்கல் என்பது மீனவர்கள் சொல். நாம் டால்பின் என்போம். செத்துக் கரை ஒதுங்கியவற்றை அறுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, ஐஸ் பெட்டியில் அனுப்புவார்கள். சில வகை மருந்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும், லேசில் போகாது. ஓங்கலுக்கோ தோலுக்கடியில் முழுக்கக் கொழுப்பு.

உறைந்த கொழுப்பைப் பாதி இளகவிட்டு, வெளியே காற்றுப்பட்ட பகுதியைச் சீவி எறிந்துவிட்டு, உள்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் உப்போடு அரைத்து, கரைப்பானில் மணிக்கணக்காகச் சுற்றவிட்டு, வருகிற எண்ணெயைச் சுத்தம் செய்து இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரக் கூடாது, வீட்டில் கொசுவர்த்தி கொளுத்திய சட்டையோடு வரக் கூடாது. இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. தராசுக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு இது புதிதில்லை. நாற்றம் மட்டும்தான் புதிது. மாலை ரயிலில் என் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருக்கும். சீட்டாடுகிற கூட்டம், "வாங்க மீன்கார், இன்னைக்கு வஞ்சரமா, நெத்திலியா?" என்று வரவேற்கும். வீட்டுக்காரி கோமதி என் துணியைத் தனி வாளியில் போடுவாள். "தங்கம் தோண்டினப்ப இந்த நாத்தம் இல்லியே" என்பாள்.

கூடத்துக்குத் தலைவர் ஹேமாவதி மேடம். மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். எங்கள் நோட்டை உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, நின்றபடி, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் புரட்டுவார். கேட்பது ஒரே கேள்வி: "ஹௌதா தனபால்?" அப்படித்தானா என்று அர்த்தம். ஆமாம் மேடம் என்றால் முதலில் பென்சிலால் கையெழுத்துப் போடுவார், மறுநாள் வந்து அதன்மேல் மையால் எழுதுவார். என்னுடைய சிவப்புக் கோட்டைப் பார்த்து, "இவருடைய நோட்டில் அடித்ததைக்கூடப் படிக்கலாம்" என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார். நானும் பெருமைப்பட்டேன். அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்தப் பெட்டியை அனுப்பியவர் டாக்டர் ஸ்டெல்லா. கால்நடை மருத்துவர், ஒரு கழிமுகத்து மீனவக் குடும்பத்துப் பெண். அந்தக் கழிமுகத்தில் ஒரு ஓங்கல் கூட்டம் வருடம் முழுக்கத் தங்கியிருந்தது. முதுகுத் துடுப்பில் உள்ள வெட்டையும் தழும்பையும் வைத்து ஒவ்வொன்றையும் அவருக்கு அடையாளம் தெரியும். கழிமுகத்தின் மேல்கரையில் ஒரு பூச்சிமருந்து ஆலை, அதன் கழிவுக் குழாய் தண்ணீருக்குள் வந்து விழும்.

பெட்டியோடு ஒரு கடிதமும் இருந்தது. ஒரு குட்டி கரையில் இறந்து கிடந்தது என்றும், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, வயிற்றில் பாலைத் தவிர ஒன்றுமில்லை என்றும் எழுதியிருந்தார். மறுநாள் அதன் தாய் வலையில் சிக்கி மூச்சடைத்து இறந்துவிட்டது. இரண்டின் கொழுப்பையும் தாயின் பாலையும் அனுப்பியிருந்தார். கூட்டத்தில் இன்னும் குட்டி போடாத இளம் பெண் ஓங்கல்கள் மூன்று: கிழிசல், வெள்ளைமூக்கு, சின்னவள். அவை முதல் குட்டி போடும் வயதை நெருங்கிவிட்டன. குழாயைத் தொடர அனுமதிக்கலாமா என்று மாவட்ட விசாரணைக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. "உங்கள் அறிக்கையை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். இதுவரை அவற்றின் உடம்பில் ஏறியதை நம்மால் இறக்க முடியாது. இனி ஏறாமல் நிறுத்தினால் மூன்றில் ஒன்றின் குட்டியாவது தப்பிக்கும் என்று நம்புகிறேன்." கடிதம் அவ்வளவுதான்.

தாயின் கொழுப்பை இயந்திரத்தில் ஓட்டினேன். ஒரு கிலோ கொழுப்புக்குப் பதினொரு மில்லிகிராம் மருந்து வந்தது. அங்கிருந்து முன்பு வந்த ஆண் ஓங்கல்களோடு பார்த்தால் மிகவும் குறைவு. குட்டியை ஓட்டினேன். நூற்று நாற்பது.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறந்து சில வாரமான குட்டி, கடலில் ஒரு மீனைக்கூடத் தின்றதில்லை. வருடக்கணக்காக அந்தத் தண்ணீரில் மீன் தின்ற தாய்க்குப் பதினொன்று, இதற்கு நூற்று நாற்பதா? அறுத்த கத்தியில் ஏதோ ஒட்டியிருக்கிறது, இல்லாவிட்டால் சுற்றிய தாளில் இருந்திருக்கிறது என்று தீர்மானித்தேன். மிச்சமிருந்த துண்டை மறுபடி ஓட்டினேன். நூற்று முப்பத்தொன்று வந்தது. ஜெயசீலன் சார் பக்கத்தில் நின்று சொல்வது போலவே இருந்தது: புள்ளி பையிலியே கீது.

ஸ்கேலை எடுத்தேன், சிவப்பு மையில் கோடு போட்டேன். டாக்டர் ஸ்டெல்லாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு போன். சுரங்கத்தில் பை அனுப்பியவனைக் கூப்பிட்டு நாங்கள் கேட்டதில்லை, அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. பாலைச் சோதிக்க எங்களிடம் எழுதி வைத்த முறை இல்லாததால் அதை ஃப்ரீசரின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டேன். அறிக்கையில் தாய்க்குப் பதினொன்று, குறைந்த அளவு என்று எழுதினேன். குட்டிக்கு, மாதிரி மாசுபட்டிருக்கிறது, முடிவு தரப்படவில்லை என்று எழுதினேன். மேடம் நின்றபடி புரட்டினார்.

"ஹௌதா தனபால்?"

"ஆமாம் மேடம். சாம்பிள் எடுத்ததுல கோளாறு."

பென்சிலால் கையெழுத்துப் போட்டார். மறுநாள் மை ஏறியது. விசாரணைக் குழு அறிக்கையைப் படித்துவிட்டு, அளவு குறைவாக இருப்பதால் குழாய் தொடரலாம் என்று முடிவு செய்தது.

அடுத்த வருடம் ஒரு நாள் காலை, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டெல்லா நேரில் வந்தார். அதுவரை குரலைக்கூடக் கேட்டதில்லை. ஒல்லியான பெண், கண்கள் சிவந்திருந்தன. பெட்டியை என் மேஜைமேல் வைத்தார்.

"கிழிசலோட குட்டி சார். பதினெட்டு நாள் இருந்துச்சு. இந்தத் தடவை கத்தியைக் கரைப்பான்ல கழுவி, தாளைச் சுட்டு எடுத்து, ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்திருக்கேன். இதையும் மாசுன்னு சொல்லிறாதீங்க. போன வருஷத்து நோட்டைக் கொஞ்சம் பாக்கலாமா?"

கொடுத்தேன். பக்கத்தைக் கண்டுபிடித்துச் சிவப்புக் கோட்டின் அடியில் இருந்த எண்ணைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு நோட்டை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"நூத்தி நாப்பது வந்திருக்கு. ரெண்டாவது தடவையும் வந்திருக்கு. ஏன் சார் அடிச்சீங்க?"

"ஏம்மா, தாய்க்கே பதினொண்ணுதான். பால் குடிக்கிற குட்டிக்கு எங்கிருந்து வரும்?"

"பால்லேர்ந்துதான் சார்."

எனக்கு உடனே புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். "ஆண் ஓங்கலுக்கு வயசாக வயசாக ஏறிக்கிட்டே போகும். பொண்ணுக்கும் ஏறும், முதல் பேறு வரைக்கும். அப்புறம் இறங்கிடும். பால் முழுக்கக் கொழுப்பு. அம்மா பத்து வருஷமா சேத்து வச்ச வெஷம் அதுல கரைஞ்சு முதல் குட்டிக்குப் போயிடும். அம்மாவுக்கு ஏன் பதினொண்ணுன்னு நெனச்சீங்க? எல்லாத்தையும் அது குட்டிக்குக் குடுத்துடுச்சு சார்."

ஃப்ரீசரின் கீழ்த்தட்டுக்குப் போனேன். பால் குப்பி நான் வைத்த இடத்திலேயே, பனி மூடி இருந்தது. அன்றே மேடமிடம் சொல்லி, பாலுக்கு ஒரு முறையை எழுதி, சரிபார்த்து, சில நாளில் ஓட்டினேன். பால் உண்மையைச் சொல்லிற்று. கிழிசலின் குட்டியும் அதையே சொல்லிற்று. ஆலையில் தயாராகும் அதே மருந்து, அதே கலவை. அந்த எண்கள் தாளில் இறங்கும்போது இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கூடத்தில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

மேடம் என்னைத் திட்டவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக என் நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டை எடுத்து, சிவப்புக் கோட்டுக்குக் கீழே எழுதினார்: 'இந்த எண்ணை நீக்கியது தவறு. நீக்கியதற்கு ஒப்புதல் தந்தவள் நான்.' பென்சிலைத் தொடவில்லை, நேராக மையில் கையெழுத்துப் போட்டார். பிறகு திருத்திய அறிக்கையைக் குழுவுக்கு அனுப்பினார்.

குழு மறுபடி கூடியது. சாட்சி சொல்ல என்னை அழைத்தார்கள். அறை நிறைய ஆட்கள், பின்வரிசையில் ஸ்டெல்லாவும் நாலைந்து மீனவர்களும். ஆலையின் வக்கீல் மரியாதையான மனிதர். கடைசிவரை குரலை உயர்த்தவில்லை.

"ஐயா இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?"

"கோலார் தங்க வயல்ல சார். அசே ஆபீஸ்."

"அங்க எண்ணை மாத்தி எழுதறது வழக்கமா?"

"எல்லாத்தையும் மாத்தறது இல்லீங்க சார். ஜாஸ்தியா வந்தா மட்டும் அடிச்சுட்டு, பக்கத்துப் பைய ஒட்டி எழுதறது. அது கல்லுக்கு."

"அந்தப் பழக்கத்துலதான் இந்தக் குட்டியோட எண்ணையும் அடிச்சீங்க?"

"ஆமாம் சார். அது தப்பு."

"ஒத்துக்கிறீங்க, சந்தோஷம். முதல்ல மாசுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க. உங்க மேடமும் போட்டாங்க. இப்ப அது மாசு இல்லைன்னு ரெண்டு பேரும் எழுதறீங்க. ஒரு வருஷம் ஃப்ரீசர்ல கிடந்த பாலை எடுத்து ஓட்டறீங்க. அடுத்த வருஷம் வேற ஏதாவது பழக்கம் ஞாபகத்துக்கு வந்தா இதையும் அடிப்பீங்களா?"

அறையில் சிரித்தார்கள். கிழிசலின் குட்டியைப் பற்றிக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அதையும் இதே கைதானே ஓட்டியது என்று வக்கீல் ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் பொய் சொல்லியிருந்தால்கூட வேறு வழி இருந்திருக்கும். உண்மையைச் சொன்னதே அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

இந்தச் சோதனைக்கூடத்தின் முடிவுகளை ஏற்க முடியாது, வேறு கூடத்தில் புதிய மாதிரியைச் சோதித்து அறிக்கை தர வேண்டும், அதுவரை இப்போதுள்ள நிலை தொடரும் என்று குழு எழுதியது. வெளியே வந்ததும் ஸ்டெல்லாவிடம், "புது மாதிரின்னா?" என்று கேட்டேன். கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது.

"இன்னொரு குட்டி சாகணும் சார். அதைத்தான் அழகா எழுதியிருக்காங்க" என்றார்.

வெள்ளைமூக்கு குட்டி போட்டிருக்கிறது என்று அவர் போனில் சொன்னபோது லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். பதினைந்து வருடமாக ஓங்கல்களை அரைத்தவன், உயிரோடு ஒன்றைப் பார்த்ததில்லை. நான் போய்ச் சேருவதற்குள் குட்டி இறந்துவிட்டிருந்தது.

ஒரு மீனவரின் வள்ளத்தில் போனோம். கொஞ்ச தூரத்திலேயே அவர் இன்ஜினை அணைத்துவிட்டார். வெள்ளைமூக்கு தன் குட்டியை மூக்கின் மேல் வைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. குட்டி வழுக்கித் தண்ணீருக்குள் போகும். தாய் முங்கி, அடியிலிருந்து மறுபடி தூக்கிக்கொண்டு மேலே வரும். மூச்சு விடட்டும் என்று காற்றில் காட்டும். மறுபடி வழுக்கும். எத்தனை தடவை என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். கூட்டத்தின் மற்ற ஓங்கல்கள் சற்றுத் தள்ளிச் சுற்றி வந்தன.

"மூணு நாளா இப்படித்தான் வச்சிக்கிட்டு சுத்துது. தின்னவும் இல்ல" என்றார் மீனவர்.

"எடுக்க வேணாமா டாக்டர்? கெட்டுப் போச்சுன்னா சோதிக்க முடியாதே" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு மாதிரிதான் ஞாபகம்.

"அது விடாம நாம தொடக் கூடாது சார்."

நாலாம் நாள் காலையில் விட்டது. கரைக்குக் கொண்டுவந்து மணலில் கிடத்தினார்கள். ஒரு ஆள் நீளம்கூட இல்லை. தோல் ஈய நிறம், வயிற்றுப் பக்கம் லேசாக ரோஜா நிறம். வாயோரம் சிரிப்பது போல வளைந்திருந்தது. அதற்கு அப்படித்தான் படைப்பு. ஸ்டெல்லா கத்தியைக் கழுவினார். நான் உதவியாக அலுமினியத் தாளை எடுக்கக் கையை நீட்டினேன்.

"சார், நீங்க தொட வேணாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. "உங்க கை பட்டுச்சுன்னா அதையும் கேப்பாங்க."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தராசில் அணு அளவைத் தப்பாமல் நிறுத்த கை என்று இந்தக் கைக்கு நம் ஊரில் ஒரு பேர் இருந்தது. ஒரு துண்டுக் கொழுப்பைத் தாளில் சுற்றிக் கொடுக்கக்கூட அது உதவவில்லை.

அந்த மாதிரி வேறு கூடத்துக்குப் போயிற்று. முடிவு வர எட்டு மாதம் ஆயிற்று. நான் அடித்த எண்ணைவிடக் கூடுதலாகவே வந்தது. ஸ்டெல்லா அதைக் குழுவிடம் கொடுத்தார். அதற்குள் தலைவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் கோப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றார். படித்துக்கொண்டிருக்கிறார். நான் ஓய்வு பெற்றேன். கடைசி நாள் மேடம் என் நோட்டுகளை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, "நிம்மதியா இருங்க தனபால்" என்றார். நல்ல மனுஷி, சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

வீட்டில் இதைப் பற்றிப் பேசுவது குறைவு. ஒரு தடவை கோமதியிடம் முழுக்கச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்ப அந்த வெள்ளைமூக்கு அடுத்த தபா போடற குட்டி பொழைக்குமா?"

"பிழைக்கலாம். தாய் உடம்புல இப்ப கம்மியாயிடுச்சு."

"மொதல் புள்ளயக் குடுத்துட்டு சுத்தமாயிக்கீது. அத்துக்கு அது தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமலே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஸ்டெல்லா போன் செய்தார். சின்னவள் முதல் குட்டி போட்டிருக்கிறது என்றார். குழாய் இன்னும் ஓடுகிறது, கோப்பு இன்னும் படிப்பில் இருக்கிறது. அதிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை நானே கூப்பிட ஆரம்பித்தேன். நேற்றும் கூப்பிட்டேன். கடல் காற்று போனுக்குள் இரைந்தது, வள்ளத்தில் இருந்தார் போலிருக்கிறது.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"குட்டி நல்லாப் பால் குடிக்குது சார்" என்றார்.